நிறம் போகாத கனகாம்பரம்

அந்தப் பைய மேல வைக்காதம்மா, இங்க கொடு. உள்ள கண்ணாடி இருக்கு. மடியிலயே வச்சுக்கிறேன். நீ ஜன்னல் ஓரமா உக்காரு, எனக்குக் காத்து ஒத்துக்காது.

வத்தலக்குண்டு வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். ஒரு கல்யாணம். யாருக்குன்னு கேளேன். என் தம்பி பொண்டாட்டிக்கு.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். தம்பி போயி அஞ்சு வருசம் ஆகுது. இப்ப அவளுக்குக் கல்யாணம். பெருமாள் கோயில்ல பத்தரைக்கு முகூர்த்தம். நாத்தனாக்காரி நான், கையில பரிசோட பஸ் ஏறியிருக்கேன். என் மனசு எப்பேர்ப்பட்ட மனசுன்னு பாத்துக்க. மதுரையில வேற எவளாவது போவாளா?

பரிசு என்னன்னா, படம். நானே செஞ்சது. இரு, நூல் கட்டியிருக்கேன், பொறவு அவுத்துக் காட்டுறேன். பூவ அழுத்திக் காயவச்சு, அட்டையில ஒட்டி, கண்ணாடி போட்டுச் சட்டம் அடிச்சது. நான் பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தவ. தையல், கைவேலை ரெண்டும். வாழ்த்து அட்டை, புஸ்தகத்துக்கு நடுவுல வைக்கிற அட்டை, சுவத்துல மாட்டுற படம், எல்லாம் பூவும் இலையும் வச்சே பண்ணுவேன். கலெக்டர் அம்மா வந்தா, ஆண்டு விழாவுக்கு யாராச்சும் பெரிய மனுசங்க வந்தா, 'டீச்சர், நீங்க செஞ்சது ஒண்ணு கொடுங்க'ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் என்கிட்டதான் ஓடி வரும். இப்ப ரிட்டையர் ஆகிட்டேன். வீட்ல செய்யிறேன்.

சும்மா புஸ்தகத்துக்குள்ள சொருகி வச்சாப் போதும்னு நெனைக்காத. அது சின்னப் பிள்ளைக பண்றது. பூவப் பறிக்கவே ஒரு நேரம் இருக்கு. பனி காஞ்சிருக்கணும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. ஈரம் இருந்தா பூஞ்சை பிடிச்சு நாறிப்போகும். பேப்பர் மேல கவுத்து வச்சு, இதழ் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம விரிச்சு விடணும். மேல இன்னொரு பேப்பர், அதுக்கு மேல கனமான புஸ்தகம், அதுக்கு மேல அம்மிக்கல்லு. எங்க வீட்டு அம்மியில மசால் அரைச்சு எத்தனையோ காலமாச்சு, அது என் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு. பேப்பர மாத்திக்கிட்டே இருக்கணும். அதுதானே ஈரத்தக் குடிக்குது. அவசரப்பட்டுத் தூக்கிப் பாத்தியோ, போச்சு, இதழ் பிஞ்சு பேப்பரோட வந்துரும். பொறுமையா இருந்து எடுத்தா, நாம எப்படி வச்சமோ அப்படியே இருக்கும். வாடாது, உதிராது, வீட்ட விட்டு எங்கயும் போகாது.

உன் தலையில இருக்கிறது குண்டு மல்லியா? திரும்பு பாப்போம். நல்ல நெருக்கமாக் கட்டியிருக்கு. ஆனா அழுத்துறதுக்கு ஆகாது. மல்லி பழுத்துரும், தேத்தண்ணி நிறத்துக்கு வந்துரும். செம்பருத்தி சாயம் விடும். காகிதப்பூ நல்லா நிக்கும். கனகாம்பரம்தான் ராஜா. அவ்வளவு சீக்கிரம் நிறம் போகாது.

நான் பூ வைக்கிறதில்ல. பாத்தாலே தெரியலயா? எனக்கு இருபத்துநாலு வயசுல அவரு போயிட்டாரு. லாரி. அந்தக் கதை வேணாம் விடு. கருமாதி அன்னைக்கு அவரு ஊருக்காரிக என் தலையில இருந்த பூவப் பிடுங்குனாளுக பாரு, கொத்து முடியும் சேந்து வந்துச்சு. இந்தா, இந்த இடத்துல இன்னும் முடி மொளைக்கல. ரத்தம் நெத்தி வரைக்கும் வடிஞ்சது. பிடுங்குன பூவ எங்க போட்டாளுகன்னுகூடத் தெரியாது. ஒரு நாள் தேடிப் பாத்தேன், கிடைக்கல. சரி, அத விடு.

தம்பி கதிரேசன் எனக்குப் பதினஞ்சு வருசம் இளையவன். அம்மா அப்பா போனதுக்கப்பறம் நான்தான் வளத்தேன். என் சம்பளத்துல படிச்சான், என் வீட்லயே இருந்து கடை வச்சான். கடைன்னா எலக்ட்ரிக் சாமான் கடை. பொண்ணு பாத்து வச்சதும் நான்தான். நாகஜோதின்னு பேரு, உசிலம்பட்டிப் பக்கம். கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா. கல்யாணத்துல மூணாவது முடிச்சு நாத்தனாதானே போடணும்? நான் போடல. தாலியறுத்தவ மணவறை ஏறலாமா? சித்தப்பா மக போட்டா. நான் பந்தியில இலை எண்ணிக்கிட்டு இருந்தேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. முறைன்னா முறைதான். எனக்கு ஒரு முறை, இன்னொருத்திக்கு ஒரு முறையா? அதுதான் என் கேள்வி. நீ பதில் சொல்ல வேணாம், கேட்டுக்க.

இவன் தினமும் கடையச் சாத்திட்டு வர்றப்ப ஒரு முழம் பூ வாங்கிட்டு வருவான். மல்லியும் கனகாம்பரமும் கலந்து கட்டுனது. வாழை இலையில சுத்தி, சட்டைப் பையில வச்சுக்கிட்டு வருவான். நான் முன்னாடி அறையில உக்காந்து பேப்பர் மாத்திக்கிட்டு இருப்பேன். என்னயத் தாண்டித்தானே உள்ள போகணும்? தாண்டிப் போறப்ப பையில கைய வச்சு மறைச்சுக்குவான். அக்கா மனசு கஷ்டப்படுமாம்! எனக்கென்ன கஷ்டம்? வாசத்த மறைக்க முடியுமா, கிறுக்குப் பய.

அப்பறம் ஒரு நாள் கடையில உக்காந்தபடியே சாஞ்சுட்டான். மாரடைப்பு. நாப்பது வயசுகூட முழுசா ஆகல. அவ மக தாரணிக்கு அப்ப நாலு வயசு.

இப்ப நான் சொல்றத நல்லாக் கேளு. கருமாதி அன்னைக்கு ஜோதிய நடுவுல உக்கார வச்சு, புதுச் சேலை கட்டி, கை நெறைய வளையல் போட்டு, தலை நெறைய பூ வச்சுட்டாங்க. அப்பறம் எல்லாத்தையும் எடுக்கணும். எடுக்கிறது அறுத்தவதான் எடுக்கணும், கட்டுக்கழுத்தி தொடக்கூடாது. ரெண்டு கிழவிக வந்தாளுக. இவ போட்ட சத்தத்துல ஒருத்தி கைய எடுத்துட்டா, இன்னொருத்தி ஓன்னு அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. பாத்தேன். 'தள்ளுங்க, நான் எடுக்கிறேன்'னு உக்காந்துட்டேன். எனக்குப் பண்ணுன மாதிரி அவளுக்குப் பண்ணிரக் கூடாதுன்னுதான். என் நல்ல மனசு அப்படி.

அவ என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டா. 'மதினி, தாலிய எடுத்துக்கங்க, வளையல உடைச்சுக்கங்க. பூவ மட்டும் விட்டுருங்க மதினி. அவரு வாங்கிட்டு வர்றது மதினி'ங்கிறா.

நான் கோவப்படல. நான் எப்பவும் சத்தம் போட மாட்டேன், என்கிட்டப் படிச்ச பிள்ளைகளக் கேட்டுப் பாரு. 'அசையாம உக்காரு ஜோதி, அசைஞ்சா இதழ் கசங்கிரும்'னேன். அவ்வளவுதான். அசையாம உக்காந்தா. கொண்டை ஊசிய ஒண்ணு ஒண்ணா உருவி, நார அவுத்து, முழுசா எடுத்தேன். ஒரு இதழ் கசங்கல! கதவு ஓரமா நின்னுக்கிட்டு தாரணி எல்லாத்தையும் பாத்துச்சு. 'அத்தை, அம்மாகிட்ட இருந்து ஏன் எடுக்குறீங்க?'ன்னு கேட்டுச்சு. 'வாடிரும்டா, அத்தை வாடாம வச்சுக்கிறேன்'னேன்.

எடுத்த பூவ ஆத்துல விடணும். வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது, அது ஆகாது. ஆனா எனக்கு மனசு வரல. என் தம்பி பேரச் சொல்லி வச்ச கடைசிப் பூ. ஆத்துல எங்க தண்ணி ஓடுது? சாக்கடைதான் ஓடுது. முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்து, கதவச் சாத்திக்கிட்டு, ஒவ்வொரு பூவா பிரிச்சு அடுக்கி அம்மிய ஏத்திட்டேன். அவளுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்பறம் அவள நான் எப்படி வச்சிருந்தேன்னு கேளு. ஒரு குறை வச்சதில்ல. வெள்ளச் சேலை கட்டுன்னு சொன்னேனா? சொல்லல. மூலையில உக்காருன்னு சொன்னேனா? இல்லயே. தம்பி கடையவே எடுத்து நடத்துன்னேன், நடத்துனா. பொட்டு வச்சுக்கிட்டா, சின்னதா, பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். பூ விசயத்துல மட்டும் நான் கண்டிப்பு. கண்டிப்புன்னா திட்டுறதில்ல. பூ கண்ணுல பட்டா கைய நீட்டுவேன். 'கொடு, அழுத்தி வைக்கலாம்.' அவ்வளவுதான் சொல்லுவேன்.

கோயில்ல பிரசாதமாக் கொடுத்த பூவ வச்சுக்கிட்டு வருவா, தெரியாத்தனமா. வாசல்லயே நான் கைய நீட்டுவேன். கொடுத்துருவா. ஒரு நாள் தாரணிக்குப் பிறந்த நாள். பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு ரோஜாவக் கொண்டு வந்து, நாற்காலி மேல ஏறி நின்னு, அது அம்மா தலையில அதுவே சொருகி விட்டுச்சு. ரெண்டும் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே சிரிப்பு. நான் போயி அறை வாசல்ல நின்னேன். கைய நீட்டுனேன். ஜோதி கண்ணாடியில என்னயப் பாத்தா. திரும்பக்கூட இல்ல, அப்படியே பின்னால கைய விட்டு உருவிக் கொடுத்தா. பிள்ளை மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுக்கென்ன, அந்த ரோஜாவ இதழ் இதழாப் பிரிச்சுக் காயவச்சு, புஸ்தகத்துல வைக்க அட்டை பண்ணிக் கொடுத்தேனே! 'அத்தை, இதுக்கு மூச்சு முட்டாதா?'ன்னு கேக்குது. சின்னப் பிள்ளை பேச்சப் பாத்தியா.

எனக்கும் ஆசைப்படத் தெரியாதா? எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பி.டி. வாத்தியார் இருந்தாரு. பொண்டாட்டிய இழந்தவரு. ஒரு நாள் என் மேசையில ஒரு மஞ்ச ரோஜாவ வச்சிட்டுப் போயிட்டாரு. நான் தலையிலயா வச்சேன்? வீட்டுக்குக் கொண்டு வந்து அழுத்துனேன். டிக்சனரிக்குள்ள இன்னும் இருக்கு. அதுக்கப்பறம் அவரு மேசைப் பக்கமே நான் போகல. அடுத்த வருசம் மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு. அப்படி இருந்தவம்மா நானு. அதச் சொல்ல வந்தேன்.

என் வினைக்கு நானே வாசல் திறந்து விட்டேன். படத்துக்கு ஓரத்துல வைக்க இலை வேணும். சீப்புப் பல்லு மாதிரி இருக்குமே, பூச்செண்டுல வைப்பாங்கல்ல, பெரணி, அது. கடை போற வழியில செடி விக்கிற நர்சரி ஒண்ணு இருக்கு. 'ஜோதி, போறப்ப நாலு இலை வாங்கிட்டு வா'ன்னு நான்தான் அனுப்பி வச்சேன். என் வாயாலயே! அந்த நர்சரிக்காரன்தான் இன்னைக்கு மாப்பிள்ளை. குருநாதன். வத்தலக்குண்டுக்காரன். கல்யாணமே பண்ணாம அம்மாவ வச்சுக் காப்பாத்திக்கிட்டு இருந்தவனாம். யோக்கியன்தான்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கென்ன தெரியும்?

நாலு இலை கேட்டா பத்து இலை வரும். அதுவும் எப்படி, ஒடியாம, ஈரத்துணியில சுத்தி. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்பறம் ஒரு தொட்டியில ரோஜாச் செடி வந்துச்சு. மொட்டை மாடியில வச்சா. நான் செடிய ஒண்ணும் பண்ணல. வெந்நி ஊத்துற சாதி இல்ல நானு. மொட்டு விட்டா மட்டும் கிள்ளிருவேன். மொட்ட நெடுக்குவாட்டுல ரெண்டா வகுந்து அழுத்துனா அருமையா வரும், உள்ள இருக்கிற மடிப்பெல்லாம் தெரியும். அவ தினம் காலையில மாடி ஏறுவா, எறங்கி வருவா. ஒரு வார்த்தை கேக்க மாட்டா. நானும் சொல்ல மாட்டேன். ஒரு வருசம் முழுக்க அந்தச் செடி ஒரு பூவக்கூட விரிச்சுப் பாக்கல.

பொறவு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ஒரு ரோஜாவோட வந்து எறங்குறா. செடியில பூத்தது இல்ல, கடையில வாங்குனது. நெத்திக்கு மேல தெரியிற மாதிரி வச்சிருக்கா. தெருவே பாக்குது. நான் எப்பவும் போல வாசல்ல கைய நீட்டுனேன். 'கொடு ஜோதி, அழுத்தி வைக்கலாம்.'

நின்னா. என்னயப் பாத்தா. 'இல்ல மதினி. இது வாடட்டும்'னா.

என்ன திமிரு பாரு! சத்தமாச் சொல்லியிருந்தாகூடப் பரவால்ல. மெதுவாச் சொல்றா. 'வாடுனா நாளைக்கு வேற வச்சுக்குவேன் மதினி. பூவுன்னா வாடத்தானே செய்யும்'னுட்டு என்னயத் தாண்டி உள்ள போயிட்டா. நீட்டுன கைய நான் எங்க கொண்டு போயி வைக்கிறது? நீயே சொல்லு. அந்த ரோஜா மறுநாள் குப்பைக் கூடையில கிடந்துச்சு. நான் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுக்கும் ஆகாம வதங்கிப் போச்சு.

அப்பறம் கல்யாணப் பேச்சு. என்கிட்ட வந்து நேராத்தான் சொன்னா, ஒளிவு மறைவு இல்ல. தாரணியக் கூட்டிக்கிட்டு வத்தலக்குண்டு போயிருவாளாம், அங்கயே பள்ளிக்கூடம் சேத்தாச்சாம். 'நீங்களும் எங்க கூட வந்து இருங்க மதினி'ங்கிறா. நான் எதுக்கு? எனக்கு வீடு இருக்கு, வேலை இருக்கு, அம்மிக்குக் கீழ எத்தனை பூ கிடக்கு. தனியா இருந்து பழகுனவ நான். பள்ளிக்கூடம் திறக்குதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே கிளம்பிட்டாங்க. பிள்ளை போனதுல இருந்து வீடு அமைதியாத்தான் இருக்கு. டிவிய நிறுத்துறதே இல்ல, அது பாட்டுக்கு ஓடட்டும்னு.

போன வாரம் பத்திரிகை வைக்க வந்தா. தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, கால்ல விழுந்து எந்திரிச்சா. அப்பத்தான் ஒண்ணு கேட்டா. அதக் கேட்டா நீயே கொதிச்சுப் போவ. 'மதினி, என் தலையில இருந்து பூவ எடுத்தது நீங்க. வைக்கிறதும் நீங்கதான் வைக்கணும். நீங்க வந்து வைக்கிற வரைக்கும் நான் வேற யாரையும் தொட விட மாட்டேன்'ங்கிறா.

நான் சொன்னேன், 'நான் அறுத்தவடி, மணவறையில எனக்கென்ன சோலி? மாப்பிள்ளை ஆத்தா என்ன சொல்லுவா?'ன்னேன். 'அத்தைகிட்டக் கேட்டுட்டேன் மதினி. வரட்டும், வந்து வைக்கட்டும்னு சொல்லிட்டாங்க. என் கல்யாணத்துல அன்னைக்கு நீங்க மூணாவது முடிச்சு போடாம எலை எண்ணிக்கிட்டு இருந்தீங்கள்ல, அத நான் மணவறையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தத் தடவ நீங்கதான் முன்னாடி நிக்கணும். பூவோட வாங்க மதினி'ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. நான் வெடுக்குன்னு உருவிக்கிட்டேன். கோவத்துலதான்! வேற எதுக்கு?

சொல்லிக் காட்டுறாம்மா. உனக்குப் புரியலயா? எடுத்தது நீதானேன்னு ஊருக்கு முன்னால என்னய நிறுத்தி வச்சுச் சொல்லிக் காட்டுறதுக்குத்தான் இந்தக் கூத்து. எவளாவது அறுத்தவ கையால பூ வச்சுக்க ஆசைப்படுவாளா? நீ ஆசைப்படுவியா?

பாவம்ங்கிறியா? யாரு, அவளா? போம்மா, உனக்குச் சின்ன வயசு.

சரி, நானும் வர்றேன்னுட்டேன். வாக்குக் கொடுத்துட்டேன், பூவோட வர்றேன்னு. அவ போனதும் கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்தேன். அஞ்சு வருசமா ஒரு காத்துப் படாம வச்சிருந்தது. இந்தா, காட்டுறேன். நூல இப்படிப் பிடி. பைய. கண்ணாடியில விரல் வைக்காத.

எப்படி இருக்கு? சும்மா சொல்லு. பழுப்பா இருக்கிறது மல்லி. ஆரஞ்சு கனகாம்பரம். நேத்து பறிச்ச மாதிரி இல்ல? வளைவா ஒட்டியிருக்கேன் பாரு, கொண்டையச் சுத்தி வச்சா எப்படி இருக்குமோ அதே வளைவு. கருமாதி அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. நடுவுல கறுப்பா இருக்கிறது கீறல் இல்ல, முடி. அவ முடிதான். பூவோட ஒட்டிக்கிட்டு வந்தது. எடுத்துரலாம்னு பாத்தேன், அப்பறம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பாத்த உடனே தெரிஞ்சுக்குவா. அவளுக்குத் தெரியாம இருக்குமா? எல்லாரும் நிக்கிறப்ப, மாலையும் கழுத்துமா அவ உக்காந்திருக்கிறப்ப, கையில கொடுப்பேன். 'பூ கேட்டியே ஜோதி, இந்தா'ன்னு கொடுப்பேன். எனக்கு அவ அழணும்னு ஆசை இல்ல. என் தம்பிய நெனைக்கணும். தாலி ஏறுற நேரத்துல அவன் மூஞ்சி அவ கண்ணு முன்னாடி வந்து நிக்கணும். நிக்கட்டுமே! அவன் பேரச் சொல்லி வச்ச பூவ யாரு வாடாம வச்சிருந்ததுன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் அத அவ புது வீட்டுச் சுவத்துல மாட்டட்டும். வேணாம்னு சொல்ல முடியுமா, நாத்தனா சீரு?

ஏம்மா அந்தப் பக்கமா ஒடுங்கி உக்கார்ற? எடமா பத்தல? வேணும்னா பைய இந்தப் பக்கம் மாத்திக்கிறேன். மொகமே ஒரு மாதிரி ஆயிருச்சே, தலை சுத்துதா? நிலக்கோட்டை வந்துருச்சு, எறங்கி ஒரு சோடா குடி. பஸ் நிக்கும்.

பூக்காரியக் கூப்பிடுறியா? தலையிலதான் வச்சிருக்கியே, எதுக்கு இன்னும்? இந்த ஊர்ல பூ மலிவுதான், பக்கத்துலயே மார்க்கெட்டு. நல்லா முறுக்கு விடாத மொட்டா வாங்கு, அப்பத்தான் எறங்குற நேரத்துக்கு விரியும். அட, கனகாம்பரமும் வாங்குறியா?

எனக்கா? எனக்கெதுக்கும்மா? நான்தான் சொன்னேனே, நான் வைக்கிறதில்...

ஓ. அவளுக்கா. நீ யாரு எவ, அவ யாரு எவ? மொகம் தெரியாத ஒருத்திக்கு நீ எதுக்குப் பூ வாங்கித் தர்ற? 'படத்த வீட்லயே வச்சுக்கிட்டு இத வச்சு விடுங்க'ங்கிறியா? நல்லாப் பேசுற. உங்க அம்மா நல்லா வளத்திருக்கா. சரி கொடு. குடுத்தத வேணாம்னு சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது.

என்ன சில்லுன்னு இருக்கு. தண்ணி தெளிச்சிருக்கா பாரு. இந்த வாசம் இருக்கே... எங்க தம்பி சட்டைப் பையில இப்படித்தான் வரும்.

அந்தப் பேப்பர எடு. படத்தச் சுத்தியிருந்தது, ஆமா, அதுதான். ரெண்டா மடி. ஈரத்த மொதல்ல ஒத்தி எடுத்துறணும். என்ன பண்றேன்னா கேக்குற? கண்ணு தெரியலயா? மல்லி எப்படியும் பழுக்கத்தான் போகுது, கனகாம்பரமாவது மிஞ்சட்டும். இப்படி உள்ள வச்சு, மேல படத்த வச்சு, அதுக்கு மேல கைய ஊனிக்கிட்டா வத்தலக்குண்டு போறதுக்குள்ள பாதி படிஞ்சிரும். கைய விடும்மா, பிடுங்காத! இழுத்தா இதழ் கசங்கிரும். குடுத்துட்டேல்ல? குடுத்தது குடுத்ததுதான்.

அழுகிறியா என்ன? அடிப் பைத்தியக்காரி. ஒரு முழம் பூவுக்கா? ஏன் தலையில கைய வச்சு மறைக்கிற? உன் பூவ நான் பிடுங்கவா போறேன்?

வந்துருச்சு வத்தலக்குண்டு. எந்திரி, எறங்கணும். கண்டக்டரே, சித்த நிறுத்துங்க, கையில கண்ணாடி இருக்கு. இரும்மா, போன் அடிக்குது, பைய ஒரு நிமிசம் பிடி. தாரணிதான். பாசக்காரப் பிள்ளை.

சொல்லுடா தங்கம். அத்தை வந்துட்டேன்டா, இந்தா பஸ்ஸ விட்டு எறங்குறேன். என்னது, மாலை போட்டாச்சா? ம். ம். இன்னும் யாரையும் வைக்க விடலயா? எல்லாரும் திட்டுறாங்களா? வெறுந்தலையோடவா உக்காந்திருக்கா? ஆமாடா, பூ கையிலதான் இருக்கு. நெறைய இருக்கு. அம்மாகிட்ட போயிச் சொல்லு, அத்தை வந்துட்டா, அசையாம உக்காந்திருக்கணுமாம்னு சொல்லு.